பீரை விட்டுவிட்டு எழுதிய சத்தியம்

நான் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். தல்லாகுளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையோடு பாதி அறையைப் பங்கு போட்டுக்கொண்டு இருபத்தாறு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கிரயம், தானம், பாகப்பிரிவினை என்று நான் எழுதிக் கொடுத்த எதையும் கோர்ட்டில் ஒருவரும் அசைத்ததில்லை. என் வாழ்நாளில் நான் எழுதிய ஒரே ஒரு தாளில்தான் ஓட்டை இருந்தது. அதையும் தெரிந்தே வைத்தேன். அதைக் கண்டுபிடித்தது எந்த வக்கீலும் இல்லை, என் இதயம்.

குடி எனக்கு இருபது வருஷப் பழக்கம். ஆனாலும் நான் குடிகாரன் இல்லை என்பதற்குப் பலமான ஆதாரங்கள் வைத்திருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் தொடமாட்டேன். ரோட்டில் விழுந்ததில்லை. வீட்டில் கை நீட்டியதில்லை. காலை ஒன்பது மணிக்குத் திருநீறு பூசிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தால் கையெழுத்து முத்து முத்தாக வரும். ஆறு மணிக்கு மேல் ஒரு ஆஃப் பிராந்தி, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆறு மணி என்பது கொஞ்சம் சீக்கிரமாக, அதாவது பகல் பதினோரு மணிக்கே வந்துவிடும்.

எனக்குக் கூட்டாளி என் மனைவியின் தம்பி. விளாங்குடியில் மோட்டார் மெக்கானிக். நிலையூர் பக்கமோ வாடிப்பட்டி பக்கமோ வயக்காட்டில் போர்வெல் மோட்டார் நின்றுவிட்டால் கப்பி கட்டி மேலே தூக்கி, பிரித்து, சரிசெய்து மறுபடி இறக்குகிறவன். அவன் என்னை மச்சான் என்பான், நான் அவனை மாப்ள என்பேன். அவன் வீட்டு மொட்டைமாடிதான் எங்கள் ஆபீஸ். குடும்பத்தில் அக்காள் புருஷனும் மச்சினனும் இவ்வளவு ஒற்றுமையாக இருப்பது அபூர்வம் என்று சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். என் மனைவி மட்டும் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

முதலில் மூச்சு வாங்கியது. பார்ட்டிகளை அழைத்துக்கொண்டு பதிவு ஆபீஸ் மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, எதிரே ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படிக்கிற மாதிரி பாவனை செய்வேன். அந்த நோட்டீஸ் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. பிறகு கால் வீங்கியது. செருப்பின் வார் பாதத்தில் பள்ளம் போட்டது. செருப்புக் கம்பெனிக்காரன் வாரைச் சின்னதாக்கிவிட்டான் என்று கடையில் போய்ச் சண்டை போட்டு வந்தேன். நெஞ்சுக்குள் சில நேரம் படபடவென்று ஏதோ ஓடும். அதற்கு எங்கள் ஊரில் விளக்கம் தயாராக இருக்கிறது. மதுரையில் நெஞ்சுக்குள் எது நடந்தாலும் அதற்குப் பெயர் கேஸ், அதாவது வாயு. கேஸுக்கு மருந்து சோடா. அதற்கும் அடங்காவிட்டால் ஓமத்திரவம். நான் இரண்டையும் பிராந்தியில் கலந்து பார்த்திருக்கிறேன்.

என் மனைவி வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். அவளிடம் கேஸ் என்ற பேச்சு எடுபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பேப்பர் படிக்கும்போது வந்து உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேலே இஞ்ச் டேப்பைச் சுற்றி அளவெடுத்து, வாடிக்கையாளர்களின் அளவு எழுதும் நோட்டில் குறித்துக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்காரியின் கை அளவுக்கும் எதிர்வீட்டு டீச்சரின் கழுத்து அளவுக்கும் நடுவில் என் கால் இருந்தது. நாலாவது வாரம் நோட்டை மூடிவிட்டுச் சொன்னாள்:

"கருப்பு கோயில்ல கயிறு கட்டிக்கங்க. இல்லைன்னா நான் எந்தம்பி வீட்டுக்குப் போறேன்."

இந்த மிரட்டலில் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. அவள் அங்கே போய்விட்டால் நாங்கள் இரண்டு பேரும் எங்கே உட்கார்ந்து குடிப்பது?

கயிறு கட்டுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். குடியை விடமுடியாதவன் கருப்பு மாதிரி ஒரு காவல் தெய்வத்தின் கோயிலுக்குப் போய், இத்தனை மாதம் குடிக்கமாட்டேன் என்று அரிவாளுக்கு முன்னால் சத்தியம் செய்வான். பூசாரி மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிவிடுவார். கெடு முடியும்வரை அவன் குடித்தால் ரத்தம் கக்கிச் சாவான் என்பது நம்பிக்கை. டாக்டர் பேச்சைக் கேட்காதவன், பெண்டாட்டி பேச்சைக் கேட்காதவன், போலீஸ் பேச்சைக் கேட்காதவன்கூட அந்தக் கயிற்றுக்கு அடங்கி உட்கார்ந்திருப்பான். கெடு முடிந்தால் கோயிலுக்கு வந்து கயிற்றை அவிழ்த்துக்கொள்ள வேண்டும். அவிழ்க்கும் நாளில் கோயில் வாசலில் அவனுடைய சேக்காளிகள் பாட்டிலோடு காத்திருப்பார்கள். அதுவும் பழக்கம்தான்.

விவசாயி கயிறு கட்டினால் வாயால் சொல்லிவிட்டுப் போவான். நான் பத்திரம் எழுதுகிறவன். வாய்ச்சொல் எனக்குச் சரிப்படாது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் ஆபீஸைத் திறந்து, மச்சினனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சத்தியத்தை எழுத உட்கார்ந்தேன். அவனும் என்னோடு கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவன் அக்காள் உத்தரவு போட்டிருந்தாள்.

"பிராந்தி, விஸ்கி, ரம், ஜின், ஓட்கா, ஒயின் வகையறாக்களை" என்று எழுதியதும் அவன் பதறிவிட்டான்.

"என்ன மச்சான், ஒயினையும் போட்டுட்டீங்க?"

"நாம என்னைக்குடா ஒயின் குடிச்சோம்? அது கெடந்துட்டுப் போகுது. எதையாவது விட்டுக்குடுத்த மாதிரி தெரியணும்ல."

அவன் தாளை உற்றுப் பார்த்தான். மோட்டாரைப் பிரித்துப் பார்க்கிற கண் அவனுக்கு. "வகையறான்னு போட்டா பீரும் அதுக்குள்ள வந்துராதா?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சிஷ்யன். வகையறாவை அடித்துவிட்டு, "ஆகிய ஆறு வகைகளை மட்டும்" என்று எழுதினேன். பீர் என்ற சொல் அந்தத் தாளில் எங்குமே இல்லை. பீர் பார்லித் தண்ணீர், சூட்டைத் தணிக்கும், அதைக் குடி என்று கருப்பே ஒப்புக்கொள்ளமாட்டார் என்பது எங்கள் இருவருடைய ஏகமனதான கருத்து.

பூசாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். "எல்லாம் வந்துருச்சாப்பா?" என்று கேட்டார்.

"நான் எழுதுனா எதுவும் விட்டுப்போகாது சாமி."

என் மனைவி பக்கத்தில் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றிருந்தாள். அன்றைக்கு எனக்கு வெட்கமாக இல்லை. இப்போது இதை எழுதும்போது இருக்கிறது.

ஆறு மாதக் கயிறு. நாங்கள் ஒரு சொட்டுப் பிராந்தி தொடவில்லை. அதில் எங்களை அசைக்க முடியாது. ஆனால் ஒரு ஆஃப் பிராந்தி கொடுத்த நிம்மதியைப் பீர் கொடுக்க வேண்டுமென்றால் நாலு பாட்டில் வேண்டியிருந்தது. நாலு சில நாள் ஆறாகும். வெயில் அதிகமாக இருந்தால் ஏழு. என் மனைவிக்கு வாசனையில் எல்லாம் தெரிந்துவிட்டது. கேட்டாள். நான் சத்தியத்தின் ஜெராக்ஸ் காப்பியை எடுத்துக் காட்டி, "எங்க இருக்குன்னு காட்டு" என்றேன். அவள் இரண்டு தடவை படித்தாள். மடித்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் நான் வழக்கில் ஜெயித்தவன் போலத் திரிந்தேன்.

கயிறு கட்டி ஐந்தாவது மாதம் மச்சினன் மகளுக்குக் காதுகுத்து. விளாங்குடியைத் தாண்டி வயக்காட்டுக்குள் இருக்கும் அவர்கள் குலதெய்வக் கோயிலில் இரண்டு கிடா வெட்டினார்கள். பந்தலுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குள் பீர் பாட்டில்கள் மிதந்தன. நானும் அவனும் காலை ஒன்பது மணியிலிருந்து சூட்டைத் தணித்துக்கொண்டிருந்தோம். பகல் ஒரு மணிக்கு இலையில் உட்கார்ந்து முதல் கறித்துண்டை எடுத்தபோது நெஞ்சு ஒரு உதை உதைத்தது. பிறகு நின்ற மாதிரி இருந்தது. அப்புறம் தாளம் தெரியாதவன் கும்மிக் கூட்டத்துக்குள் புகுந்து கை தட்டுகிற மாதிரி கண்டபடி அடிக்க ஆரம்பித்தது. வேர்த்தது. இலை தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

"கேஸ், கேஸ்" என்று நாலு பக்கமும் குரல் எழுந்தது. ஒருவர் சோடா உடைத்தார். ஒருவர் முதுகில் குத்தினார். மச்சினன் என் முகத்துக்கு நேரே குனிந்து, "மோட்டாரு ஏர் புடிச்சிருச்சு மச்சான், ஒண்ணும் இல்ல" என்று தைரியம் சொன்னான். அவனால் நேராக நிற்க முடியவில்லை. பெண்கள் பந்தியிலிருந்து என் மனைவி வந்தாள். எச்சில் கையைச் சேலையில் துடைத்துவிட்டு உள்ளங்கையை என் நெஞ்சில் வைத்தாள். நாலைந்து விநாடி வைத்திருந்திருப்பாள். அவள் முகம் மாறியதைப் பார்த்துத்தான் எனக்கு முதன்முதலாகச் சாவு பயம் வந்தது.

வண்டி ஓட்ட ஆள் தேடினாள். அங்கே வந்திருந்த ஆம்பளைகளில் குடிக்காதவர் சமையல்காரர் ஒருவர்தான். அவருடைய லோடு ஆட்டோவில், பிரியாணி அண்டாக்களுக்கு நடுவில் என்னைச் சாய்த்து உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு அண்டா என் முழங்காலைப் பதம் பார்த்தது. சமையல்காரர் திரும்பித் திரும்பி, "அண்ணே, அண்டாவக் கெட்டியாப் புடிச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் கவலை என்னைப் பற்றியா அண்டாவைப் பற்றியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் நெஞ்சு முழுக்க ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். எக்கோ எடுத்தார்கள். டாக்டர் ஒரு பெண். மகள் வயதுதான் இருக்கும். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர்.

"தினமும் குடிப்பீங்களா?"

"இல்ல டாக்டர், கயிறு கட்டியிருக்கேன். பீர் மட்டும்."

"எத்தனை பீர்?"

"அது வெயிலப் பொறுத்து."

"வெயிலக் கேக்கல."

சொன்னேன். எழுதிக்கொண்டார். அதற்கு முன்னால் என்ன, எத்தனை வருஷம் என்று ஒவ்வொன்றாக வாங்கினார். அதற்குள் ஒரு பஸ் பிடித்து மச்சினனும் வந்து சேர்ந்திருந்தான். டாக்டர் எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துச் சொன்னார். குடி இதயத்தின் சதையையே கெடுத்துவிடும். தினமும் நனைந்து நனைந்து சதை பலம் இழந்து, தளர்ந்து, இதயம் பெரிதாகிப்போகும். பெரிதானால் பலம் என்று அர்த்தமில்லை. ரத்தத்தைத் தள்ள முடியாது. தள்ள முடியாத தண்ணீர்தான் காலில் நிற்கிறது, நெஞ்சில் மூச்சாக முட்டுகிறது. இதயத்தின் மேல் அறை தாளம் தப்பித் துடிக்கிறது. அப்படியே விட்டால் உள்ளே ரத்தம் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதமும் வரலாம். பிராந்தியா பீரா என்பது பாட்டிலுக்குத்தான் தெரியும், நெஞ்சுக்குள் போகிறது ஒன்றுதான். இதயம் ரத்தத்தைத் தள்ளும் பம்பிங் அறுபது சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமாம்; எனக்கு முப்பதில் நின்றது.

பம்பிங் என்ற சொல் காதில் விழுந்ததும் மச்சினன் நிமிர்ந்தான். "அம்புட்டு வீக்கான மோட்டார நாங்க வெளிய எடுத்துருவோம் டாக்டர்."

"இத வெளிய எடுக்க முடியாது. அதான் வித்தியாசம்."

என் மனைவி கேட்டாள்: "எலாஸ்டிக் போன துணி மாதிரியா டாக்டர்?"

"அதே மாதிரிதான். ஆனா துணியில போன எலாஸ்டிக் திரும்பி வராது. இது திரும்பி வர வாய்ப்பிருக்கு. முழுசா நிறுத்தணும். நிறுத்தலைன்னா இன்னும் சில வருஷம்னுகூட என்னால சொல்ல முடியாது."

அப்போது என் மனைவி பர்ஸைத் திறந்து அந்த ஜெராக்ஸை எடுத்து நீட்டினாள். டாக்டர் முழுக்கப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க. யாரு எழுதிக் குடுத்தது?"

வாழ்க்கையில் முதல்தடவையாக என் எழுத்தை நான் எழுதியதில்லை என்று சொல்லத் தோன்றியது.

திடீரென்று நிறுத்தினால் உடம்பு முறுக்கிக்கொள்ளும், வீட்டில் வைத்து நிறுத்தக்கூடாது என்று ஒரு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். கை ஆடியது. முத்து முத்தான கையெழுத்துக்காரன் காபி டம்ளரை இரண்டு கையால் பிடித்தேன். சுவரில் இல்லாத எறும்புகளைப் பார்த்து, நசுக்கச் சொல்லி என் மனைவியிடம் சண்டை போட்டேனாம். அவள் சுவரை நசுக்கிவிட்டு, "செத்துப்போச்சு, தூங்குங்க" என்றாளாம். அந்த நாட்களைப் பற்றி விளையாட்டாக எழுத எனக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து, பழைய கயிற்றின் கெடு முடிந்த கையோடு மறுபடி கருப்பு கோயில். இந்தத் தடவை சத்தியத்தை என் மனைவி எழுதினாள். ஜாக்கெட் அளவு எழுதும் துண்டுத் தாளில் ஒரே வரி: போதை தரும் எதையும் வாயில் வைக்கமாட்டேன். எனக்குத் திருத்த இடமே இல்லை.

"எம்புட்டு நாளைக்கும்மா?" என்றார் பூசாரி.

"காலம்பூரா."

"அப்பிடிக் கட்டுறதில்லம்மா. கயிறுன்னா கெடு வேணும். காலம்பூரான்னு கட்டிட்டுப் போன ஒருத்தனும் காப்பாத்துனதில்ல. பழி சாமி மேல விழுது. ஒரு வருசம் கட்டுறேன். அப்புறம் அவுத்துட்டு, வேணும்னா திரும்பக் கட்டிக்கட்டும்."

மச்சினன் இந்தத் தடவை கட்டிக்கொள்ளவில்லை. அவனுக்கு ஒன்றும் இல்லையே. காதுகுத்துக்குப் பிறகு அவனுடைய பழைய கயிறும் கெடு முடிந்து கழன்றிருந்தது.

குடிக்காதவனுக்குச் சாயங்காலம் எவ்வளவு நீளம் என்பதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். ஆறு மணி வரும். ஏழு மணி வரவே வராது. டி.வி. பார்த்தேன். அதில் வருகிற குடும்பங்களை என் மனைவி எப்படித்தான் சகித்துக்கொண்டாளோ. உப்பைக் குறைக்கச் சொன்னதால் சாப்பாடு சப்பென்று இருந்தது. வெண்டைக்காய்ப் பொரியலில் உப்பு எங்கே என்று நான் கேட்டால், "ஒங்க காலுல" என்பாள். ஞாயிற்றுக்கிழமை அளவு மட்டும் நிற்கவில்லை; அளந்து முடித்ததும் உள்ளங்கையை என் நெஞ்சிலும் வைத்துப் பார்ப்பாள். மூன்றாவது மாதத்தில் கணுக்கால் ஒன்றரை இஞ்ச் இறங்கியது. பழைய செருப்பு சரியாகப் பொருந்தியது. அந்தக் கடைக்காரரைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன்.

நடக்கச் சொன்னார்கள். சாயங்காலங்களைக் கொல்வதற்காகவே பஸ் ஏறித் திருப்பரங்குன்றம் போய் மலையைச் சுற்றி நடந்தேன். முதல் நாள் மூன்று கரண்டுக் கம்பம் தாண்டுவதற்குள் உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தாண்டி ஒரு ஆடு போயிற்று, திரும்பியும் வந்தது. எட்டாவது மாதம் முழு மலையையும் உட்காராமல் சுற்றி வந்தேன். யாரிடமாவது சொல்லவேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. கடலைக்காரரிடம் சொன்னேன். அவர் அம்பது வருஷமாகத் தினமும் சுற்றுகிறாராம்.

எக்கோவில் பம்பிங் நாற்பத்தைந்துக்கு வந்தது. கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஐம்பத்திரண்டு. துடிப்பும் தாளத்துக்கு வந்திருந்தது. டாக்டர் சிரித்தே அன்றுதான் பார்த்தேன். "நல்லா திரும்பி வந்திருக்கு. இன்னொரு தடவ கெடுத்துக்கிட்டீங்கன்னா இப்படித் திரும்பி வருமான்னு தெரியாது."

நான் சும்மா இருந்திருக்கலாம். "என்னைக்காவது ஒரே ஒரு பீர், டாக்டர்?"

"ஒங்களுக்கு ஒண்ணுங்கறது எம்புட்டுன்னு எனக்குத் தெரியும்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வருஷமும் நான் குடியை விட்டிருந்தேன் என்று சொன்னால் அது பொய். கெடு முடிவதற்காகக் காத்திருந்தேன். மணிக்கட்டில் கயிறு இருந்தவரை ரத்தம் கக்கிச் சாவேன் என்ற பயம் என் சார்பில் காவல் காத்தது. டாக்டர் சொன்ன சாவு எனக்கு உறைக்கவில்லை, பூசாரி சொன்ன சாவு உறைத்தது. என் மனைவிக்கும் இது தெரியும். காலண்டரில் கெடு முடிகிற வெள்ளிக்கிழமையை அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள், நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இருவரையும்விட அதிகமாக நாள் எண்ணியது மச்சினன். வாரம் ஒருமுறை போன் செய்து, "இன்னும் எம்புட்டு நாள் மச்சான்?" என்பான். என் மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோயிலுக்குப் போனோம். என் மனைவி வாசலில் மூன்று கல் வைத்துப் பொங்கல் ஏற்றினாள். பூசாரி அரிவாள் நுனியைக் கொடுத்துக் கயிற்றை அறுத்தார். மணிக்கட்டில் கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. "திரும்பக் கட்டணுமாப்பா?" என்று கேட்டார்.

"யோசிச்சுச் சொல்றேன் சாமி" என்றேன். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பானையில் அரிசியைப் போட்டாள்.

கோயிலுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் மச்சினன் காத்திருந்தான். ஈரச்சாக்கு சுற்றிய ஐஸ் பெட்டி. இரண்டு பீர். ஒன்றை உடைத்து என் கையில் கொடுத்தான். நுரை விரல்களில் வழிந்தது. எனக்கு எச்சில் ஊறியது. அந்தக் குளிர்ச்சி உள்ளங்கை வழியாகத் தோள்வரை ஏறியது. ஒரு வருஷமாக நான் ஆசைப்பட்டது இதைத்தான், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அங்கிருந்து பார்த்தால் வாசலில் பொங்கல் அடுப்பு தெரியும். என் மனைவி ஒருமுறை தலையைத் தூக்கிப் பாட்டிலைப் பார்த்தாள். வந்து பிடுங்குவாள் என்று எதிர்பார்த்தேன். பிடுங்கியிருந்தால் குடித்திருப்பேன். அவள் தலையைக் குனிந்து அடுப்பை ஊதினாள்.

வழக்கம்போல மனசு ஓட்டை தேடியது. சத்தியத்தில் எங்கே இடம் இருக்கிறது, எதை எப்படிப் படித்தால் இது குற்றமில்லை. தேடித் தேடிப் பார்த்தேன். கயிறு இல்லை, சத்தியம் இல்லை, சாமி என்னை விடுவித்துவிட்டார். ஷரத்தே இல்லாத இடத்தில் ஓட்டைக்கு எங்கே போவது? ஏமாற்ற ஆளே மிச்சமில்லை, என்னைத் தவிர. பாட்டிலைத் திருப்பி நீட்டினேன்.

"வேணாம் மாப்ள. நீ குடி."

"ஒரே ஒரு மடக்கு மச்சான்."

"வேணாம்டா."

"எனக்காக."

"நீ குடியேன், ஒன்ன யாரு புடிச்சா?"

அவன் குடிக்கவில்லை. பாட்டிலை வாங்கவும் இல்லை. "ஒரு வாய் குடிங்க மச்சான், ஒங்க கால்ல விழுறேன்" என்றான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "எதுக்குடா எங்கதைய முடிக்கிறதுலயே நிக்குற?" என்று கத்தினேன்.

அவன் அப்படியே ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். தலை நிமிரவில்லை.

"எனக்கும் ரெண்டு மாசமா அப்பிடித்தான் அடிக்குது மச்சான். நேத்து ஒரு மோட்டாரக் கப்பில இழுக்குறப்ப கண்ணு இருட்டிருச்சு. அக்காட்டச் சொல்லல. யாருட்டயும் சொல்லல. இன்னைக்கு நீங்க குடிச்சிட்டு நல்லா இருந்தீங்கன்னா, சரி, நமக்கும் ஒண்ணும் இல்லைன்னு இருந்துரலாம்னு பாத்தேன்."

அவன் கால்களை அப்போதுதான் பார்த்தேன். செருப்பு வாரைக் கழற்றிவிட்டு வெறும் பாதத்தை மேலே வைத்திருந்தான். பாதம் உப்பியிருந்தது. பீரைத் தரையில் கொட்டினேனா, கீழே வைத்தேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவன் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினேன்.

"பொங்கல எறக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று அடுப்புப் பக்கம் சத்தம் போட்டேன்.

அவள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "நெஞ்சு பண்ணுதா? எம்புட்டுக் குடிச்சீங்க?"

"எனக்கில்ல. ஒந்தம்பிக்கு."

ஒரு வருஷமாக என் நெஞ்சில் மட்டும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த கையை அவள் என்னைத் தாண்டிக் கொண்டுபோய் அவன் நெஞ்சில் வைத்தாள்.